ஆனி வெள்ளியில் ஒரு ஒயர்

வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் சென்னைப் பக்கம் வரத் தொடங்கியிருந்த வருடம் அது. அந்தக் கார்களுக்கு ஒயர் கட்டித் தர அம்பத்தூர் எஸ்டேட்டில் புதுக் கம்பெனி ஒன்று வந்தது. பெண்கள்தான் வேண்டுமாம். அண்ணனூர் சொர்ணம் எட்டாவதோடு நின்றவள். கை வேகத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். புருஷன் முனியன் வேலை பார்த்த பட்டறை மூடிக் கிடந்தது. அவள் கைதான் இனி அடுப்பை எரிக்க வேண்டும்.

சேர வேண்டிய நாளோ ஆடி பிறந்த மறுநாள்.

"ஆடில எவளாவது புதுசா வேலைக்குப் போவாளா? ஆவணில போயேன், கம்பெனி எங்க ஓடிப்பூடப் போவுது?" என்றாள் மாமியார் வேம்புலியம்மாள்.

கம்பெனி ஓடாது, வேலைதான் ஓடிவிடும். சொர்ணம் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மற்ற பெண்கள் வீட்டிலும் இதே கதை. சூப்பர்வைசர் ரகுநாதனிடம் ஒவ்வொருத்தியாகப் போய்ச் சாக்குச் சொன்னார்கள். ஊரில் தங்கச்சி கல்யாணம் என்றாள் ராணி.

"ஆடியில ஏதும்மா கல்யாணம்?"

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரகுநாதன் தலையில் கை வைத்தார். "முதலாளி பம்பாய்க்காரர். அவருக்கு ஆடி தெரியாது, ஆவணி தெரியாது. நீங்க வரலேன்னா வெளியூர் ஆளுங்களை இறக்கிடுவார்."

சொர்ணத்துக்கு எதிர்வீட்டுத் துலுக்கானம் வீடு கட்டக் கையில் காசு சேராதபோதும், நல்ல நாள் தப்பக்கூடாதென்று ஒரே ஒரு செங்கல்லை நட்டுவிட்டுப் போனது ஞாபகம் வந்தது.

"சார்..." பேசியது தன் குரல்தானா என்றிருந்தது. "நாளைக்கு ஆனி வெள்ளி. ஆளுக்கு ஒரு ஒயரை சொருகிட்டுப் போயிட்றோம். அப்பால ஆடில வந்தா புதுசா சேந்ததா ஆவாது."

ரகுநாதன் ஒரு கணம் முழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "வாங்கம்மா, வாங்க. எனக்கும் அம்மா இருக்காங்க."

மறுநாள் காலை எல்லாரும் தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்தார்கள். ஒயர் கட்டும் பலகைக்குக் கற்பூரம் காட்டி, வரிசையாக ஆளுக்கொரு ஒயரை அதில் சொருகினார்கள். கேட்டுக்கு வெளியே வேம்புலியம்மாள் வாட்ச்மேனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பத்தரை ராகுகாலத்துக்கு முன்னாலயே சொருகிட்டியாடி?"

"ஆச்சு அத்தே."

"அப்ப சரி."

ஆடி பிறந்த மறுநாள், மாமியாரே அவளைத் தட்டி எழுப்பினாள். "ஏந்திரு. ஆரம்பிச்ச வேலைய நடுவுல உட்டா உருப்படாது." தூக்கில் கூழும் கருவாடும் தயாராக இருந்தன.

ரயிலில் ராணி உட்கார்ந்திருந்தாள்.

"தங்கச்சி கல்யாணம் இன்னாச்சு?"

"ஆவணிக்குத் தள்ளிப் போட்டாச்சுக்கா."

பெட்டியே சிரித்தது. சொர்ணம் ஜன்னலோரம் உட்கார்ந்து, தூக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.