பால் வராத காலையும் ஒரு ரத்த ரிப்போர்ட்டும்

தொண்ணூறுகளின் நடுவில், சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் என் கணவருக்கு வயிற்றுக்குள் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருப்பது தெரிந்தது. பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதைப் போல என்றார் டாக்டர். வெடித்தால் ஆளே போய்விடுவார். சிகரெட்டை அன்றே விட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும், வெறும் வயிற்றில் கொழுப்புப் பரிசோதனையும். கொழுப்பு ரத்தத்தில் தனியாகப் போகாதாம், புரதத்தின் மேல் சவாரி செய்துதான் போகுமாம். சில புரதங்கள் அதைக் குழாய்ச் சுவரில் இறக்கிவிடும், சில திரும்ப எடுத்துப்போகும் என்றார். எனக்கு ரங்கநாதன் தெருவில் மூட்டை இறக்குகிறவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

இவர் சிகரெட்டை விட்டார். அதற்கு அவரைக் கும்பிடலாம். ஆனால் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மட்டும் இறங்கவே இல்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "நெய்யைக் குறைங்கம்மா" என்றார். எனக்கு மானம் போயிற்று. நெய், தேங்காய், அப்பளம், எல்லாவற்றையும் நிறுத்தினேன். மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

மூன்றாவது தடவை ரிப்போர்ட் அருமையாக வந்தது. அதே வாரம் எடுத்த ஸ்கேனில் வீக்கம் பெருத்திருந்தது. ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். இவர் ரிப்போர்ட்டை விடவில்லை. "கொழுப்பே இறங்கிடுத்து, வீக்கமும் தானா இறங்கும். எதுக்கு வயத்தைக் கிழிச்சுக்கணும்?" நான் தலைகீழாக நின்று பார்த்தும் மசியவில்லை.

இன்னொரு டாக்டர் சொன்னாலாவது கேட்பார் என்று, பழைய ரிப்போர்ட்டுகளின் நகல் வாங்க லேபுக்குப் போனேன். ரத்தம் எடுக்கும் பெண் மூன்றையும் பார்த்துவிட்டு, "இந்த வாட்டிதான் ஒயுங்கா பட்டினியா வந்தாரு போல" என்றாள்.

"எப்பவும் பட்டினிதாம்மா. காபி மட்டும்தான்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "பாலு, சக்கரை போட்டா?"

எங்கள் வீட்டில் ஏகாதசி விரதத்தன்றே காபி குடிக்கலாம். அது சாப்பாட்டில் சேர்த்தி என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதே இல்லை. ஏதாவது சாப்பிட்டீங்களா என்று லேபில் கேட்டால், இல்லை என்று மனசாரச் சொல்லியிருக்கிறார். கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இரண்டு டம்ளர் காபி கொடுத்து அனுப்பியது நான்தான். மூன்றாவது தடவை மழையில் பால் வரவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்தக் காகிதத்தை எடுத்து எடுத்துப் பார்த்து அவர் சந்தோஷமாக இருந்தார். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவார்.

"அன்னிக்குப் பால் வரலை, காபி இல்லை. அதான் குறைஞ்சுது. நம்ம பத்தியத்தால இல்லை" என்றேன்.

ரிப்போர்ட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். "அப்போ உள்ளே அது வளந்துண்டுதான் இருக்கா?"

"ஆமா."

எதற்கும் அஞ்சியதாகக் காட்டிக்கொண்டவர் இல்லை அவர். "பயமா இருக்குடி" என்றார்.

"நேக்கும்தான். அதான் சொன்னேன்."

அன்று சாயங்காலமே டாக்டருக்கு ஃபோன் செய்து நாள் கேட்டார். ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகும்வரை என் கையை விடவில்லை. கண் விழித்ததும் முதலில் அதைத்தான் தேடினார்.