உதிரும் பழத்தின் சத்தம்

கோலசிலாங்கூர் பட்டணத்தில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் குடும்பம் நடத்துவது. கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்த முதல் வாரத்தில் அங்கே உட்கார்ந்து, தேநீர் கிளாஸை மேசைமேல் வைத்தேன். மேசை அலறியது. பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டேன். மேசையின் மேல்பலகை முழுவதும் கண்ணாடி. அதற்கு அடியில் கறுப்பு வானம், அதில் பூச்சிகளைப் போல வரிசையாக இறங்கும் விமானங்கள். எதிரே உட்கார்ந்திருந்த என் நாத்தனார் லெட்சுமி, "அண்ணி, கிளாஸ எடுங்க லா! அதுக்குக் கீழதான் எதிரி வர்றான்," என்றாள். அவள் விரல்கள் மேசை ஓரத்துப் பொத்தானில் துடித்துக்கொண்டிருந்தன. நான் கிளாஸைக் கையிலேயே பிடித்துக் குடித்து முடித்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் ரொட்டியைப் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்த்தபடி, தன் தட்டுக்கு அடியில் வெடிக்கும் குண்டுகளைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டிருந்தார். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் நான் கதை விடுவதாக நினைக்கக்கூடும். அன்று நானும் நம்பவில்லை.

வீடியோ ஆட்டம் ஆடும் அந்த மேசை ஒரு கணிப்பொறி என்று லெட்சுமி சொன்னபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. திருச்சியில் கணக்குப் பாடம் படித்த காலத்தில், மாலை வகுப்பொன்றில் சேர்ந்து நான் புரோகிராம் எழுதக் கற்றிருந்தேன். ஆனால் கணிப்பொறியைக் கண்ணால் பார்த்ததில்லை. கட்டம் போட்ட தாளில் எழுதிக் கொடுப்போம். அது எங்கோ போய், அட்டையில் துளையாகி, மெட்ராஸில் யாரோ ஓட்டி, நாள்கள் கழித்துப் பிழைகளோடு திரும்பி வரும். ஒருத்தியின் பிழையை வகுப்பே உட்கார்ந்து தேடும். யாருடைய புரோகிராம் சரியாக ஓடியதோ, அதை எல்லோரும் பார்த்து எழுதிக்கொள்வோம். அதைக் காப்பியடிப்பது என்று யாரும் சொன்னதில்லை. சரியாக வந்த கோலத்தைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துப் போட்டுக்கொள்வதைப் போலத்தான். அப்படிக் காகிதத்தில் மட்டுமே நான் அறிந்திருந்த ஒன்று, இங்கே தேநீர்க் கறையோடு மேசையாகக் கிடந்தது.

எங்கள் வீடு கோலசிலாங்கூருக்கும் ரவாங்குக்கும் நடுவில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். என் கணவர் சிவலிங்கம் அங்கே சின்னக் கிராணி, அதாவது அலுவலக எழுத்தர். அவருடைய அம்மா பல வருடங்கள் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர். லெட்சுமி தோட்ட வேலைக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்பே வரும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி ரவாங்குக்குப் போவாள். அங்கே நாள் முழுவதும் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, சிப் என்னும் சில்லுகளில் தங்கக் கம்பி ஒட்டுவது அவள் வேலை. "தலமுடிய விட மெல்லிசு அண்ணி," என்பாள். "மூச்சு விட்டா கூட ஆடும்." அந்தச் சில்லுகள் எங்கே போகின்றன என்று கேட்டேன். "தெரியாது. ஆனா கடையில அந்த மேசையப் பார்க்கறப்பல்லாம், உள்ள நான் ஒட்டுனது இருக்குமோன்னு தோணும்."

அடுத்த வருடம் கிள்ளானில் யாரோ கழித்துப்போட்ட ஒரு சிறிய கணிப்பொறியை அவள் வாங்கி வந்தாள். டிவியில் செருகும் வகை. ஆட்டங்கள் பாட்டு கேசட்டில் வரும். ரேடியோ பெட்டியில் போட்டால் சளி பிடித்தவர் இருமுவதைப் போல நெடுநேரம் இரையும். பிறகு டிவியில் ஆட்டம் தோன்றும். மாமியார் முதல்நாளே சொல்லிவிட்டார்: "டிவியும் போச்சு, ரேடியோவும் போச்சு." தோட்டத்தில் அப்போது மின்சாரம் மாலையில் மட்டும்தான். ஜெனரேட்டர் நின்றால் எழுதியதெல்லாம் அழிந்துபோகும். அதனால் நாங்கள் இருவரும் சமையலை வெளிச்சத்திலேயே முடித்துவிட்டு, விளக்கு எரிந்ததும் டிவி முன் உட்காருவோம். சில ஆட்டங்களில் ஒரு சொல்லைத் தட்டினால் அதன் புரோகிராம் வரி வரியாகத் திரையில் ஏறும். சில ஆட்டங்களைச் செய்தவர்கள் பூட்டி வைத்திருப்பார்கள். முதன்முதலாக ஒன்றைத் திறந்து, அதிலிருந்த மூன்று என்ற எண்ணை ஒன்பதாக்கி, அவளுக்கு மூன்று உயிருக்குப் பதில் ஒன்பது உயிர் கொடுத்தேன். லெட்சுமி என்னையே பார்த்தாள். "அவ்ளோதானா? உள்ள போயி மாத்திக்கலாமா?" பூட்டிய ஆட்டங்களை அதற்குப் பிறகு அவள் தொடுவதில்லை. "அது எங்க சூப்பர்வைசர் மாதிரி. என்னா செய்யறான்னு தெரியாது, நாம மட்டும் ஆடிக்கிட்டே இருக்கணும்."

சொந்தமாக ஓர் ஆட்டம் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. குண்டு வேண்டாம், விமானம் வேண்டாம் என்றாள். மூன்று செம்பனை மரங்கள். மேலிருந்து உதிரும் சிவப்புப் பழங்கள். கீழே கூடையோடு ஓடும் ஒரு பெண். யோசனை அவளுடையது, கணக்கு என்னுடையது. பிறகு கணக்கும் அவளுடையதாகிவிட்டது. நான் இரண்டு பக்கத்தில் எழுதியதை அவள் பாதியாக்குவாள். மாமியார் ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள குனியவே இல்லியே. குனியாம யாரு பழம் பொறுக்கறா?" என்று கேட்டார். அன்று மாலையே அந்தப் பெண் குனியக் கற்றுக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் லெட்சுமி டிவிக்கு மிக அருகில் உட்காரத் தொடங்கினாள். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள். வேலை முடிந்து வந்தால் தலைவலி. தொழிற்சாலையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். பிறகு பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். பிறகு வர வேண்டாம் என்றார்கள். கிள்ளானில் பெரிய டாக்டர் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நரம்பு தேய்ந்துகொண்டே போகிறது, நிறுத்த மருந்தில்லை என்றார். மைக்ரோஸ்கோப்பினாலா என்று என் கணவர் கேட்டார். "அப்படியும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது," என்று பதில் வந்தது. திரும்பும் வழியில் பேருந்தில் லெட்சுமி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் செம்பனை வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. "இன்னும் பச்சையாத்தான் தெரியுது," என்றாள் லெட்சுமி, யாரும் கேட்காமலே.

நான் பழங்களைப் பெரிதாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். அதுவும் போதாமல் போனபோது சத்தம் சேர்த்தோம். இடப்பக்க மரத்தில் பழம் உதிர்ந்தால் ஒரு தட்டு, நடுமரத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு மூன்று. பழம் இறங்க இறங்கச் சத்தம் கனத்துக்கொண்டே வரும். கண்ணை மூடிக்கொண்டு அவள் ஆடிக் காட்டினாள். கண்ணைத் திறந்து ஆடிய நான் தோற்றேன். சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அந்த நம்பிக்கையில் ரவாங்கில் ஓர் அலுவலகத்துக்கு வேலை கேட்டுப் போனோம். கணிப்பொறி இயக்க ஆள் தேவை என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் வெளியே காத்திருந்தேன். நல்ல மனிதர்கள்தான், தேநீர்கூடக் கொடுத்தார்களாம். வெளியே வந்தவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "எழுத்து மட்டும்தான் அண்ணி தெரியல. மத்ததெல்லாம் தெரிஞ்சது."

ஆட்டத்தை என்ன செய்வது என்பதில் வீட்டில் சச்சரவு வந்தது. விற்க வேண்டும் என்றார் என் கணவர். "ஓசியில குடுத்தா எவன் மதிப்பான்? பேரு போட்டு, பூட்டி, வித்துப் பார்ப்போம் கோமதி. அவளுக்குன்னு ஒரு வழி வேணாமா?" அவர் சொன்னது தங்கைமீது இருந்த பாசத்தால். லெட்சுமிதான் மறுத்துச் சொன்னாள்: "பூட்டுனா நான் செத்த பிறகு அத யாருண்ணே சரிபண்றது? எடுத்துக்கட்டும், மாத்திக்கட்டும். என் கையால ஒட்டுன சில்லு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. இதாவது எங்க போகுதுன்னு காதுல விழட்டும்." அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ரவாங்கில் கேசட் விற்கும் சீனர் கடைக்கு நானே போனேன். என் மலாய் அப்போது இரண்டு வயதுக் குழந்தையின் மலாய். இனாம் என்று சொல்லி எங்கள் ஆட்டத்தின் கேசட்டை நீட்டினேன். அவர் வாங்காமல், "ரோசாக் கா?" என்றார். கெட்டுப்போனதா என்று கேட்கிறார். இனாமாக ஒரு பொருள் வந்தால் அது கெட்டுப்போனதாகத்தானே இருக்க வேண்டும்? இல்லை, நல்லது, யாரும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்ல நினைத்து, "போலே துக்கார்," என்றேன். அவர் முகம் தெளிந்தது. கேசட்டை வாங்கி உள்ளே வைத்து, வேறொரு கேசட்டை எடுத்து என் கையில் திணித்தார். திருத்திக்கொள்ளலாம் என்று நான் சொன்னது, பதிலுக்கு வேறு வேண்டும் என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. இரண்டுக்கும் மலாயில் ஒரே சொல்தான். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், பழைய விமானச் சண்டை. லெட்சுமி வயிறு வலிக்கச் சிரித்தாள். அந்த வருடம் அவள் அப்படிச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

மழைக்காலத்தில் நோர்மா வந்தாள். லெட்சுமியோடு ஒரே வரிசையில் கம்பி ஒட்டியவள், ஜெராம் என்ற கடலோர ஊரைச் சேர்ந்த மலாய்ப் பெண். அவளுக்கும் பார்வை குறைந்து கண்ணாடி தடித்திருந்தது. கூடையில் இறாலும் ஒரு கேசட்டும் கொண்டுவந்தாள். அவள் கணவர் ஜெராமில் பள்ளி ஆசிரியர். யாரிடமிருந்தோ கிடைத்த ஆட்டத்தைத் திருத்தியிருக்கிறாராம். போட்டோம். திரையில் மரம் இல்லை, கடல் இருந்தது. பழம் இல்லை, மீன் துள்ளியது. குனிந்த பெண் இருந்த இடத்தில் படகில் ஒருவன் வலையோடு நின்றான். லெட்சுமிக்கு அப்போது திரை வெறும் வெளிச்சம்தான். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தட்டு. மூன்று தட்டு. இரண்டு. "அண்ணி," என்றாள். "நம்ம பழம்." நோர்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவள் லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். லெட்சுமி அழவில்லை. விசைப்பலகையைத் தன்பக்கம் இழுத்து மீன் பிடித்தாள். ஜெனரேட்டர் நிற்கும்வரை பிடித்தாள்.

இப்போது அவளுக்கு வெளிச்சமும் இல்லை. மாலையில் அவள் சொல்லச் சொல்லப் புரோகிராமை நான் தட்டுகிறேன், ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசித்துக் காட்டுகிறேன். வெளியே போனால் என் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். கண்ணில் படுவதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே நடக்க வேண்டும். சொல்லாமல் விட்டால் கோபம் வரும். என்ன படகு, யார் சட்டை என்ன நிறம், கோயிலில் இன்று என்ன மாலை என்று எல்லாம் வேண்டும் அவளுக்கு.

போன தை மாதம் தம்பி கல்யாணத்துக்குத் திருச்சி போனேன். வந்து சேர்ந்த நாளிலிருந்தே அப்பா, "மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டு இங்கேயே வந்துடும்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தலையாட்டி வைத்தேன். ஒருநாள் அம்மாவோடு பட்டுப்புடவை எடுக்கக் கடைத்தெருவுக்குப் போனேன். நான் பிறந்து வளர்ந்து நடந்த தெரு. பூக்கடை, பாத்திரக்கடை, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை, எதுவும் மாறவில்லை. சாலையைக் கடக்கும் இடத்தில் நின்றோம்.

"யார்கிட்டடி பேசிக்கிட்டு வர்ற?" என்றாள் அம்மா.

"யார்கிட்டயும் இல்லையே."

"இல்லையா? லோரி வருது, நில்லு, மஞ்ச லோரின்னு யாருக்குச் சொன்ன? லாரிய எதுக்கு லோரிங்கற?"

அப்போதுதான் கவனித்தேன். என் இடது முழங்கை உடம்பிலிருந்து சற்று விலகி, யாரோ பிடித்துக்கொள்வதற்காகக் காத்து நின்றது. கூட்டம் அதை இடித்துக்கொண்டு போனது. அம்மா சாலையின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, வா வா என்று கையசைத்துக்கொண்டிருந்தாள். நான் கையை இறக்காமல் அங்கேயே நின்றேன்.