பதினாறு அடி லாரியும் ஒரு வெட்டு மேஜையும்

அந்தத் தெருவில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் அங்குலம். அது அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். இருபத்தைந்து வருடமாகத் துணி வெட்டித் தைக்கிறாள். கழுத்தில் அளவு நாடா தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. தெருவில் யார் புதுக் கட்டில் வாங்கினாலும் வாசலில் நுழையுமா என்று பார்க்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாடாவை ஒரு தடவை வைத்து எடுப்பாள், நுழையும் அல்லது நுழையாது என்பாள், போய்விடுவாள். சொன்னால் சொன்னதுதான். இதுவரை தன் கணக்கு பிசகியதே இல்லை என்பதை அவளே அடிக்கடி எல்லோருக்கும் ஞாபகப்படுத்தவும் செய்வாள்.

அவள் புருஷன் பிஸ்கட் தொழிற்சாலையில் மெக்கானிக். தொழிற்சாலையை நாட்டின் மறுகோடிக்கு மாற்றப் போகிறார்கள், கூட வருகிறவர்களுக்கு வேலை உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர். சாமான்களை ஆள் வைத்து அனுப்பலாம் என்றாள் மகள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே மனிதருக்கு லாரி ஓட்ட ஆசை. வாடகைக்கு லாரி எடுத்து, தானே ஓட்டிக்கொண்டு போய், வாடகைக் கம்பெனியின் அந்த ஊர்க் கிளையில் விட்டுவிடுவதாக முன்பதிவும் செய்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னார். அவருடைய உரிமத்துக்கு ஓட்டக்கூடிய பெரிய வண்டி பதினாறு அடி நீளம், ஏழரை அடி அகலம். வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே தங்குவது என்று பார்க்கும் பொறுப்பு மகளுக்கு. லாரிக்குள் எதை எங்கே வைப்பது என்பதை அங்குலம் எடுத்துக்கொண்டாள். அதை வேறு யாரிடமும் கொடுக்கவும் மாட்டாள்.

கூடத்துச் சாமான்களையெல்லாம் மற்ற அறைகளுக்குள் தள்ளினாள். துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துத் தரையில் பதினாறு அடிக்கு ஏழரை அடி என்று ஒரு கட்டம் கிழித்தாள். அதுதான் லாரி. பிறகு வீட்டிலிருக்கும் ஒவ்வொரு சாமானையும் அளந்து, காக்கித் தாளில் அதே அளவுக்கு மாதிரி வெட்டினாள். பீரோவுக்கு ஒரு தாள், ஃப்ரிட்ஜுக்கு ஒரு தாள், தையல் மெஷின்களுக்கு இரண்டு. துணியில் கை, கழுத்து, முதுகுத் தாள்களைப் பரப்பி, எப்படித் திருப்பினால் துணி மிச்சமாகும் என்று பார்ப்பது போலத்தான் இதையும் பார்த்தாள். மூன்று நாள் வீட்டில் யாரும் கூடத்துக் குறுக்கே நடக்கக் கூடாது. புருஷன் ஒரு தடவை தெரியாத்தனமாக வாஷிங் மெஷின் மேல் கால் வைத்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எல்லாம் எட்டு வரிசையில் அடங்கின. அடங்காதது ஒன்றே ஒன்று. அவளுடைய வெட்டு மேஜை.

ஆறரை அடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரம், வயிறு முழுக்க இழுப்பறை. கல்யாணமான புதிதில் புருஷன் தன் கையாலேயே செய்து கொடுத்தது. மெக்கானிக்குக்குத் தச்சு வேலை வருமா? வந்தவரைக்கும் செய்தார். ஆணி அடித்ததோடு நிற்காமல் பசையும் ஊற்றி ஒட்டிவிட்டதால் யார் தலைகீழாய் நின்றாலும் அதைப் பிரிக்க முடியாது. ஒரு கால் அரை அங்குலம் குட்டை. அதற்கு அடியில் அட்டையை மடித்து வைத்துத்தான் இருபத்து மூன்று வருடமாக வெட்டுகிறாள். வீட்டில் எந்தப் பேச்சு வந்தாலும், அளக்காமல் அறுத்தவர்தானே நீங்கள் என்று அந்தக் காலில் கொண்டுவந்து முடிப்பாள். ஆனால் மேஜையின் உயரம் அவள் இடுப்புக்கென்றே அமைந்தது. எட்டு மணி நேரம் நின்று வெட்டினாலும் முதுகு வலிக்காது. புது ஊரில் கல்யாண உடை விற்கும் கடைக்காரி ஒருத்தி, வந்த மறுநாளே வேலை தருவதாகச் சொல்லியிருந்தாள். தரையில் உட்கார்ந்து வெட்ட அங்குலத்தின் முழங்கால் இனி ஒத்துக்கொள்ளாது. புதுசாக ஒன்று செய்துகொள்ளலாம்தான். ஆனால் அந்த மேஜை இல்லாத வீட்டை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஒருக்களித்து நிறுத்தினால் மூன்றடி இடம் போதும். அந்த மூன்றடிதான் இல்லை. சோபாவைத் தங்கைக்குக் கொடுத்தாள். புருஷனின் உடற்பயிற்சி சைக்கிளை விற்றாள். தாள்களைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். எப்படிப் போட்டாலும் பதினாலு அங்குலம் இடித்தது. புருஷன் மெல்ல, வண்டி வந்ததும் ஒரு தரம் வைத்துத்தான் பார்ப்போமே என்றார். வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறவர்கள் அளக்கத் தெரியாதவர்கள் என்று அவர் வாயை அடைத்தாள்.

கடைசியில், கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னால், எதிர்வீட்டு நர்ஸுக்கு மேஜையைக் கொடுத்தாள். நர்ஸ் தனியாக இருப்பவள், அங்குலத்தின் மேல் உயிர். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கிக்கொண்டாள். நாலு பேர் மேஜையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தபோது அங்குலம் சமையலறையில் போய் நின்றுகொண்டாள்.

லாரி வந்த அன்று காலையில் தொழிற்சாலை நண்பர்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள். அங்குலம் லாரியின் பின்பக்கம் நின்று வரிசை எண்ணைச் சொல்லச் சொல்ல, சாமான்கள் ஒவ்வொன்றாக ஏறின. பதினோரு மணிக்கெல்லாம் எட்டாவது வரிசையும் முடிந்தது. எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். லாரியின் வாசலோரம் காலியாகக் கிடந்தது. ஓரிரு அங்குலம் இல்லை, ஒரு ஆள் கால் நீட்டி உட்காரும் அளவுக்கு இடம்.

லாரிக்காரர்கள் தவறிப்போய்ப் பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றாள் அங்குலம். நாடாவை எடுத்து அளந்தாள். சரியாகப் பதினாறு அடி. ஏதோ சாமானை ஏற்ற மறந்துவிட்டோம் என்று வீட்டுக்குள் ஓடினாள். எல்லா அறையும் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. கூடத்தில் மட்டும், வரிசையைச் சரிபார்க்க முந்தின இரவு அவள் மறுபடி பரப்பிய காக்கித் தாள்கள் கட்டத்துக்குள் கிடந்தன. மகள் குனிந்து அவற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜின் தாளை எடுத்தவள், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாளின் ஓரத்திலிருந்து ஒரு அங்குலம் உள்ளே தள்ளி, சுற்றிலும் சாக்பீஸால் புள்ளிக்கோடு போட்டிருந்தது.

"அம்மா, ஃப்ரிட்ஜுக்குமா தையலுக்கு விட்டு வெட்டினே?"

அங்குலம் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பீரோவின் தாளைப் பார்த்தாள். மெஷின், கட்டில், அலமாரி, எல்லாவற்றிலும் அந்தக் கோடு. அளந்தது என்னவோ சரியாகத்தான் அளந்திருக்கிறாள். கத்தரியைக் கையில் எடுத்ததும் பழக்கம் தன் வேலையைக் காட்டிவிட்டது. மடித்துத் தைக்கச் சுற்றிலும் ஒரு அங்குலம் விட்டு, பீரோவையும் ஃப்ரிட்ஜையும் வெட்டி வைத்திருக்கிறாள். தாள் பரப்பிய மூன்று நாளும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அது இல்லாமல் இருந்திருந்தால்தான் அவள் கண்ணுக்கு உறுத்தியிருக்கும்.

ஒரு வரிசைக்கு இரண்டு அங்குலம். எட்டு வரிசைக்குப் பதினாறு. மேஜையின் தாளிலும் இரண்டு. ஆக மொத்தம் பதினெட்டு, இடித்ததோ பதினாலுதான்.

மகள் சிரிக்க ஆரம்பித்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் நின்ற நண்பர்கள் விஷயம் தெரிந்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள், தோள் மட்டும் குலுங்கியது. புருஷன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் எதிர்வீட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நான் போய்க் கேட்டுட்டு வரட்டுமா?" என்றார்.

கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்பதா? அதற்குக் காரணமாக இதைச் சொல்வதா? தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிக்குமே என்று அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. லாரியின் வாசலோரக் காலியிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாங்க. தப்பா வெட்டினது நான். நானே போறேன்."

கழுத்து நாடாவைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். நர்ஸ் கதவைத் திறந்ததும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். தன் கணக்கு பிசகிவிட்டது, லாரியில் இடம் இருக்கிறது, கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் மேஜை வேண்டும்.

நர்ஸ் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அறையை மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. துணி அலமாரியின் கதவைக் கால்வாசிதான் திறக்க முடிந்தது. நர்ஸின் சாப்பாட்டுத் தட்டு கட்டில் மேல் இருந்தது.

"பத்து நாளா இந்த ஒரே யூனிஃபார்மைத்தான்கா துவைச்சுத் துவைச்சுப் போடறேன். மத்ததை வெளியே எடுக்க முடியல. நீங்க ஆசையாக் கொடுத்தீங்க, எப்படிச் சொல்றது? சீக்கிரம் தூக்கிட்டுப் போங்க, தயவுசெஞ்சு."

இருவரும் அந்த மேஜையில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மேஜை ஏறியது. லாரியின் கதவைச் சாத்தியபோது நாலு அங்குலம் மிச்சம் இருந்தது. அந்தச் சந்தில் மகள் காக்கித் தாள்களைச் சுருட்டிச் செருகினாள். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். மூன்று நாள் பயணத்தில் மகள் அந்தக் கதையை ஒவ்வொரு சாப்பாட்டுக் கடையிலும் எடுத்தாள். புருஷன் ஒரு தடவைகூட எடுக்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆனந்தமாக விசிலடித்துக்கொண்டு வந்தார். பெரிய மனசுதான்.

புது வீட்டில் முதலில் இறக்கியது மேஜையைத்தான். ஜன்னலோரம் போட்டார்கள். கை வைத்ததும் ஆடியது. பழைய அட்டையை எங்கேயோ விட்டுவிட்டார்கள். புருஷன் வழக்கமான பேச்சுக்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்குலம் காக்கித் தாள் சுருளைப் பிரித்தாள். ஃப்ரிட்ஜின் தாளைத் தேடி எடுத்தாள். அரை அங்குலக் கனம் வரும்வரை மடித்து மடித்து, மண்டியிட்டு, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். மேஜை அசையாமல் நின்றது. அதற்குப் பிறகு அந்தக் காலைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.