பத்தொன்பது நாள் தப்புக் கணக்கு

போன சனிக்கிழமை காலை, இட்லிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில், என் கணினித் திரையில் ஒரு சொல்லைப் பார்த்தேன். சிவப்பு நிறத்தில். ‘இன்வேலிட்.’

செல்லாது.

ஒன்று என்றால் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பேன். பக்கத்தைக் கீழே தள்ளத் தள்ள அதே சொல் வந்துகொண்டே இருந்தது. இன்வேலிட், இன்வேலிட், பாவம் பார்த்து நடுவில் ஒரு ‘வேலிட்’, மறுபடி இன்வேலிட்... பள்ளியில் ஒரு பாடத்தில்கூட ஃபெயில் ஆகாதவள் நான். ஒரே மூச்சில் இத்தனையா?

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “ரீட்டாம்மா, நேத்து எத்தனை?”

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு வருவதற்குமுன், சிலவற்றை விளக்க வேண்டும். வரிசையாகச் சொல்கிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே புரியாது.

முதலில் கார்டு. காரைக்காலில் வீட்டிலிருந்தபடியே, இன்னும் கட்டப்படாத வீடுகளின் படங்களைச் செய்து தருவது என் வேலை. கட்டட வரைபடத்தைக் கொடுத்தால், அந்தக் கூடத்தில் காலை வெயில் எப்படி விழும் என்று நிஜம்போலக் காட்டுவேன். அதற்கு ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். என்னிடம் இருக்கிறது. ஆனால் என் வேலை நேரம் போக, நாளில் பாதிக்கு மேல் அது சும்மா இருக்கும்.

அடுத்தது, அந்தச் சும்மா இருக்கும் நேரம். சில ஆராய்ச்சிக் குழுக்களிடம் மிகப் பெரிய கணக்குகள் இருக்கின்றன. உடம்பிலுள்ள ஒரு புரதம் எப்படி மடங்குகிறது, எந்த இடத்தில் தப்பாக மடங்கிவிடுகிறது என்பதுபோன்ற கணக்குகள். போட்டு முடிக்க அவர்களிடம் போதிய கணினிகள் இல்லை. எனவே கணக்கைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். துண்டு வரும், நம் கார்டு கணக்குப் போடும், விடை திரும்பிப் போகும். சம்பளம் கிடையாது. பாயிண்ட் உண்டு.

பாயிண்ட் — இந்தச் சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அப்பா. பொதுப்பணித் துறையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுங்காட்டுப் பக்கத்து வாய்க்கால்கள் பல, அவர் கையால் தாளில் ஓடியவை. அவர் எழுத்தை அச்சு என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தவர்கள் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கின்சன். நடுக்கத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். எழுத்து சுருங்கத் தொடங்கியதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த வியாதியில் அப்படி ஆகுமாம். வரியின் தொடக்கத்தில் உளுந்து அளவு, முடிவில் கடுகு அளவு.

பிசியோதெரபிஸ்ட் பெண் சொல்லிவிட்டார். “தெனமும் எழுதணும் சார். என்ன வேணா எழுதுங்க. ஆனா பெருசா எழுதணும்.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதிகம் புழங்கும் சொல் ‘பெருசா’. அப்பா பேனாவை எடுத்தாலே அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார், “பெருசாங்க!” நான் அறையிலிருந்து, “பெருசாப்பா!” அவரும் சலித்துக்கொண்டே எழுதுவார்.

ஆனால் எதை எழுதுவது? அம்மா விவிலிய வசனங்களை எழுதச் சொன்னார்.

“ஆண்டவருக்கு அவரு சொன்னதையே திருப்பி எழுதிக் குடுக்கறதா?” என்றார் அப்பா. “எழுதறதுக்குப் புதுசா ஒரு தகவல் இருக்கணும்டி.”

அங்கேதான் என் கார்டு உள்ளே வந்தது. அது அப்போது போட்டுக்கொண்டிருந்தது, அவருடைய வியாதியோடு தொடர்புடைய ஒரு புரதத்தின் கணக்கு. சொன்னேன்.

“மருந்து கண்டுபிடிக்குதா?”

“இல்லப்பா. மருந்து தேடறவங்களுக்கு ஒத்தாசை பண்ணுது.”

“சித்தாள் வேலை.”

“ஆமா.”

“சித்தாள் இல்லாம எந்த வீடு எழும்பிச்சு?” என்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

அதன்பிறகு தினமும் காலை “நேத்து எத்தனை?” என்று கேட்பார். முடிந்த துண்டுகளின் எண்ணிக்கையைச் சொல்வேன். கூடத்து மாதக் காலண்டரில், அந்த நாளின் கட்டத்தில் பெரிதாக எழுதுவார். அடியில் தன் இனிஷியல் போடுவார். ஆபீஸ் பழக்கம். எழுதியவர் யார் என்று தெரிய வேண்டுமாம். சாயங்காலம் நெடுங்காட்டிலிருக்கும் சிநேகிதர் மாரிமுத்து மாமாவுக்குப் போன் போட்டு, “நேத்து ஏழுய்யா!” என்பார். எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறோம் என்று மாமா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பாயிண்டுக்கு வருவோம்.

என் கல்லூரித் தோழி நஸ்ரின், காரைக்கால்காரி, துபாயில் வேலை. என்னை இதில் சேர்த்துவிட்டதே அவள்தான். எங்கள் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து ‘அரசலாறு’ என்று ஓர் அணி வைத்திருக்கிறோம். பாயிண்ட் பட்டியலில் அவள் முதலிடம். நான் நான்காவது. “என்னடி இது, உன் கார்டு கட்டை வண்டியா? ஏழுக்கு மேல நகராதா?” என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னாலேயே ஒரு மாட்டுப் படம்.

நான் நிதானமானவள் என்று பெயர். மாட்டுப் படத்தை நான்கு நாள் பொறுத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள், கார்டுக்குத் தயாரித்தவர்கள் வைத்திருந்த வேகத்தை மூன்று படி கூட்டினேன்.

ஒன்றும் ஆகவில்லை. திரை உறையவில்லை. என் வீட்டுப் படங்கள் எப்போதும்போல வந்தன. ஏழு, பதினொன்று ஆனது. நான் இரண்டாவது இடத்துக்கு வந்தேன். அப்பா காலண்டரில் எழுதிய இரண்டு ஒன்றுகளும் விளக்குக் கம்பம்போல் கட்டத்தின் மேல்கோட்டை முட்டிக்கொண்டு நின்றன.

நான் கவனிக்காதது இதுதான். என் திரையில் ‘முடிந்தது’ என்று வருவதற்கு, முடிந்தது என்று மட்டும்தான் அர்த்தம். சரி என்று அர்த்தமில்லை. பாயிண்டும் முடித்ததற்குத்தான். ஒவ்வொரு துண்டையும் இன்னொரு முகம் தெரியாதவருக்கும் அனுப்புகிறார்கள். இரண்டு விடைகளையும் ஒப்பிடுகிறார்கள். பொருந்தாவிட்டால் மூன்றாமவருக்குப் போகும். ஒற்றையாக நிற்பவரின் விடை குப்பைக்கு. அந்தத் தீர்ப்பு வேறொரு பக்கத்தில் வரும். பட்டியலை ஒரு நாளைக்கு மூன்று முறை பார்த்த நான், போன சனிக்கிழமை கை தவறித் தட்டும்வரை அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

வேகம் கூடிய கார்டு, இந்த வெயிலில், ஏசி இல்லாத அறையில், உப்புக் காற்றில் சூடேறி, அங்கங்கே தப்புப் போட்டிருக்கிறது. படத்தில் சுவரின் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்குத் தெரியும்? கணக்கில் ஒரு படி தப்பினால் அதற்குப் பின்னால் வரும் எல்லாமே தப்பு. பத்தொன்பது நாளுக்குத் தீர்ப்பு வந்திருந்தது. பெரும்பாலானவை செல்லாது.

“ரீட்டாம்மா... எத்தனைன்னு கேட்டேன்ல?”

“இருங்கப்பா, பாக்குறேன்,” என்று சொல்லிவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தேன். சொல்லாமல் விட என்னென்ன காரணங்கள்?

ஒன்று, தப்பான விடை எதுவும் ஆராய்ச்சிக்குள் போகவில்லை. பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள். யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு, அப்பா அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவதே இல்லை. மூன்று, அவருடைய எழுத்து பெரிதாகிக்கொண்டு வருகிறது.

உண்மையில் என்னைத் தடுத்தது மூன்றாவதுதான். நீங்கள் எழுதியது அத்தனையும் பொய் என்று சொன்னால், நாளைக்கு அவர் பேனாவை எடுப்பாரா? எதற்கு எடுக்க வேண்டும்?

சொல்ல வேண்டிய காரணம் என்று பார்த்தால் ஒன்றுதான் கிடைத்தது. அந்தப் பத்தொன்பது பொய்களுக்கும் அடியில் அவருடைய இனிஷியல் இருக்கிறது.

போய்ச் சொன்னேன். நஸ்ரின், மாட்டுப் படம், வேகம், சிவப்புச் சொல் — எல்லாவற்றையும்.

அம்மா கரண்டியோடு வந்துவிட்டார். “விடுங்க, புள்ள என்ன வேணும்னா பண்ணிச்சு? காலண்டர்தான? குடுத்த கடையில கேட்டா வேற ஒண்ணு குடுப்பாங்க. புதுசா மாட்டிடலாம்.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. “அந்த மூணாவது ஆளு யாரு?”

“யாருப்பா?”

“ரெண்டு பேருக்கும் ஒத்துவரலேன்னா மூணாவதா ஒருத்தனுக்குப் போவும்னியே. அவன் எந்த ஊரு?”

“தெரியாதுப்பா. பிரேசிலா இருக்கலாம். இங்க பக்கத்துல பூவமா இருக்கலாம்.”

“நீ ஒழுங்கா போட்டிருந்தா அவன் வேற ஒரு துண்ட முடிச்சிருப்பான்.”

“...ஆமா.”

“பத்தொம்போது நாளா யாரு யாருக்கோ ரெண்டாவது வேலை வச்சிருக்க.”

யாருக்கும் நஷ்டமில்லை என்று நான் எழுதியிருந்த முதல் காரணம் அங்கேயே செத்தது.

“காலண்டரக் கழட்டு,” என்றார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சாப்பாட்டு மேசையில் விரிக்கச் சொன்னார். நான் ஒயிட்னர் பாட்டிலை எடுத்து வந்தேன்.

“அது எதுக்கு? அந்தச் சனியன முதல்ல உள்ள வை. ப்ளான்ல தப்பு வந்தா மறைக்கக் கூடாது. ஒரே கோடு. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல சரியான நம்பர். தப்புப் பண்ணவங்க இனிஷியல். அவ்ளோதான்.”

நான் படித்தேன், அவர் அடித்தார். பேனா தாளுக்கு மேலே கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நிற்கும். தாளைத் தொட்டதும் ஓடிவிடும். முதல் கோடுகள் வாய்க்கால்போல் வளைந்தன. போகப் போக நேராயின. பதினொன்று, நாலானது. பன்னிரண்டு, மூன்றானது. எல்லாம் பெரிய எழுத்து என்பதால் இடம் போதாமல் புதிய எண்கள் பக்கத்துக் கட்டத்துக்குள் கால் நீட்டின.

ஒரு நாளுக்கு வந்ததும் என் குரல் இறங்கியது.

“சொல்லு.”

“ஒண்ணுமே இல்லப்பா.”

“முட்டையா?”

“முட்டைதான்.”

கட்டம் நிறைய ஒரு பூஜ்யம் போட்டார். “மாரிமுத்துகிட்ட சொல்லணும். கோழி ஒரு நாளு ஏமாத்திடுச்சுன்னு.”

அம்மாதான் முதலில் சிரித்தார்.

அன்றே வேகத்தைப் பழையபடி இறக்கினேன். நஸ்ரினுக்கும் எழுதினேன். “அய்யய்யோ... இரு, நானும் என் பக்கத்தப் பாக்குறேன்,” என்றாள். அதற்குப்பின் இரண்டு நாள் அவளிடமிருந்து சத்தமே இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். முடித்தவற்றை எண்ணுவது எவ்வளவு சுலபம்! முடித்த படங்கள், படித்த பக்கங்கள், நடந்த அடிகள்... சரியாக முடித்தவற்றை மட்டும் எண்ணுவது என்றால் இன்னொருவர் சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் காலண்டரில் இப்போது கடைசி இரண்டு நாள் கட்டங்கள் எப்போதும் காலியாக இருக்கின்றன. எங்கோ ஒருவருடைய விடை வந்து பொருந்தியபிறகுதான் அப்பா பேனாவை எடுக்கிறார். ஆமாம், எடுக்கிறார். செவ்வாய்க்கிழமையன்று ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் ஐந்து என்று எழுதினார். மாமாவிடம் போனில், “அஞ்சுதான்யா. ஆனா அஞ்சும் நல்ல முட்டை,” என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். சனிக்கிழமை முதல் கட்டத்தை அடித்து முடித்ததும் அப்பா பேனாவை என்னிடம் நீட்டினார். தப்புப் பண்ணியவள் நான் அல்லவா? கட்டத்தின் ஓர் ஓரத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், கடுகளவில் என் இனிஷியலைப் போட்டேன்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து அதைப் பார்த்தார்.

“பெருசா,” என்றார்.