நைட் ஹால்ட் பஸ்ஸும் காலடிச் சத்தமும்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். திருப்பத்தூரில் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் நான் டிக்கெட் செக்கராக இருந்தேன். சம்பவம் நடந்தது ஜவ்வாது மலையில், புதூர்நாட்டுக்கும் மேலே, ரோடு முடிகிற இடத்தில் இருந்த ஒரு சின்ன ஊரில்.

போன மாதம் பேப்பரில் ஒரு செய்தி பார்த்தேன். உல்லாசக் கப்பல் கம்பெனி ஒன்று, வருஷக்கணக்காகக் கப்பல் புறப்பட்ட துறைமுகத்தை விட்டுவிட்டு வேறு துறைமுகத்துக்கு மாறிவிட்டதாம். ஏன் மாறினார்கள் என்று வரிசையாகக் காரணம் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலானால் என்ன, பஸ்ஸானால் என்ன, தங்குகிற இடத்தை மாற்றுகிறபோது வெளியே சொல்கிற காரணம் ஒன்று, உள்ளே இருக்கிற காரணம் வேறொன்று. அந்த உள்காரணத்தை நான் ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பிசகியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அந்த ஊருக்கு எங்கள் பஸ் தை மாதம்தான் போக ஆரம்பித்தது. சாயங்காலம் மேலே ஏறி, ராத்திரி அங்கேயே நின்று, விடிந்தும் விடியாததுமாகக் கீழே இறங்கும். நைட் ஹால்ட் என்போம். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்துக்கொள்வார்கள். பஸ் ஊரிலிருந்தே கிளம்புவதால்தான் மலைக்காரர்கள் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய் அன்றைக்கே வீடு திரும்ப முடிந்தது. ராத்திரி அடிவாரத்தில் தங்கும் என்று ஆகிவிட்டால், காலையில் அது மேலே வந்து சேர்வதற்குள் உச்சிப்பொழுது நெருங்கிவிடும். சாயங்காலமோ அடிவாரத்திலிருந்து மலை ஏறி நடக்க வேண்டியதுதான்.

நாலைந்து மாதம் எந்தப் புகாரும் இல்லை. ஆனி பிறந்ததும் டிரைவரும் கண்டக்டரும் முதலாளி முன்னால் வந்து நின்றார்கள். ராத்திரியில் யாரோ பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்களாம். எட்டிப் பார்த்தால் ஆள் இல்லையாம். கூடவே துணி கருகுகிற வாடை வேறு வருகிறதாம்.

"சுடுகாட்டு வாடைங்க முதலாளி. இனிமே அங்க படுக்க எங்களால ஆவாது" என்றார் கண்டக்டர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வூட்டுல படுக்க ஆசை. அதுக்குப் பேயைத் துணைக்குக் கூப்புட்றாங்க" என்றேன். டிரைவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம். அவர் கோபப்படவில்லை. "ஒரே ஒரு ராத்திரி படுத்துப் பாருங்க சார்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீயே போய்ப் பாத்துட்டு வா. இவங்க சொல்றது பொய்னா ரெண்டு பேரும் ஒழுங்கா அங்கயே படுக்கட்டும். நெசம்னா, அடுத்த நாளிலிருந்து வண்டி அடிவாரத்தோட நிக்கட்டும்."

மறுநாள் சாயங்காலம் நானும் மேலே ஏறினேன். பஸ் நின்றதும் ஒரு பெண் புருஷனைத் தோளில் தாங்கியபடி இறக்கினாள். எலும்பும் தோலுமாக இருந்தான். அவனுக்குக் காசநோய், தினமும் கீழே கூட்டிப் போய் ஊசி போட்டு வருகிறாள் என்று கண்டக்டர் சொன்னார். பஸ் வருவதற்கு முன்னால் மூங்கிலில் போர்வையைத் தூளி மாதிரி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். அப்படித் தினமும் யார் தூக்குவது? பாதி நாள் ஊசி போடாமலே போய்விடுமாம்.

ஊர்க்காரர்கள் பலாப்பழங்களைக் கொண்டுவந்து பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "இப்பவே ஏத்திடுங்க! காலைல ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்!" என்று கண்டக்டர் விரட்டிக்கொண்டிருந்தார். சீசன் தொடங்கியதிலிருந்து அது அவர் போட்ட சட்டம். பஸ் முழுக்கப் பழ வாசனை கும்மென்று அடித்தது.

சாமைச்சோறும் அவரைக்குழம்பும் கொண்டுவந்து கொடுத்தவர்களிடம், "ராத்திரியில இங்க யாராவது நடமாடுவாங்களா?" என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று ஒரே சமயத்தில் நாலு பேர் சொன்னார்கள். அவ்வளவு அவசரமாகச் சொன்னதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. டீசல் திருடுகிறார்கள், பேட்டரியில் கை வைக்கப் பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துக் காட்டிவிடுவது என்று டார்ச் லைட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தேன்.

ஊர் அடங்கியது. கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால். மெதுவாக, சருகு நொறுங்காமல் பார்த்துப் பார்த்து வைக்கிற காலடி. முன்பக்கம் வந்தது, டயர் ஓரமாகப் போனது, பின்பக்கம் நின்றது, மறுபடி வந்தது. பின்னாலேயே கருகல் வாடை. டிரைவர் போர்வைக்குள்ளிருந்து, "கேக்குதா சார்?" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருடன் என்று நினைத்ததெல்லாம் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. ஜன்னல் வழியாக டார்ச் அடித்தேன். புளியமரமும் இருட்டும்தான். சத்தம் நின்றது. டார்ச்சை அணைத்ததும் திரும்ப ஆரம்பித்தது.

ராத்திரி முழுக்க இதே கதை. கிழக்கு லேசாக வெளுக்கிற நேரத்தில் பயம் போய் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சியது. காலடி முன்பக்கம் வந்த சமயம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு குதித்தேன். டார்ச் வெளிச்சத்தில் நின்றது அந்தக் காசநோய்க்காரனின் மனைவி. இடுப்பில் அரிவாள், கையில் புகைந்துகொண்டிருந்த பழந்துணித் திரி.

"இன்னாம்மா திருட வந்தே?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதீங்க சாமி. உள்ள ஏறுங்க" என்றாள். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது.

நான் விடவில்லை. அவள் பின்பக்கம் போகப் பார்த்தாள். நான் குறுக்கே கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றேன். அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, என் தோளுக்குப் பின்னால் பார்த்தது. அதே நேரம் பஸ்ஸின் பின்புறத்து இரும்பு ஏணி கிறீச்சிட்டது. ஒரு பலாப்பழம் பொத்தென்று விழுந்தது.

திரும்பி டார்ச் அடித்தேன். ஏணியில் இரண்டு கைகளையும் வைத்தபடி ஒரு கரடி. வெளிச்சம் கண்ணில் பட்டதும் ஏணியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றது. நெஞ்சில் இருந்த வெள்ளைக் கோடுகூட எனக்குத் தெரிந்தது. அவ்வளவு பக்கம். உறுமிக்கொண்டே என்னை நோக்கி ஓடி வந்தது.

அந்தப் பெண் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் படிக்கட்டில் தள்ளினாள். நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸின் தகரத்தில் கரடியின் கை விழுந்தது. அவள் திரியைச் சுழற்றியபடி, அதுவரை அடக்கி வைத்திருந்த குரலையெல்லாம் சேர்த்து, "கரடி! கரடி!" என்று கத்தினாள். நெருப்புப்பொறி சுற்றிலும் பறந்தது. வீட்டுக் கதவுகள் படபடவென்று திறந்தன. தகரத்தைத் தட்டிக்கொண்டு ஊரே ஓடி வந்தது. கரடி திரும்பி முள் புதரைப் பிய்த்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது.

எல்லாம் அடங்கியதும் அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து அழுதாள். கரடிக்குப் பயந்து அழவில்லை.

"போச்சு. நானே கத்திக் காட்டிக் குடுத்துட்டேன். இனிமே வண்டிய எடுத்துக்னு போய்டுவாங்க. எங்கூட்டுக்காரருக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

அப்புறம்தான் ஊர்த் தலைவரான கவுண்டர் விஷயத்தைச் சொன்னார். கூரையில் பலாப்பழம் ஏற்ற ஆரம்பித்த நாளிலிருந்து வாசனைக்குக் கரடி வருகிறது. அது தெரிந்தால் டிரைவரும் கண்டக்டரும் ஒரு ராத்திரிகூடத் தங்க மாட்டார்கள், பஸ் போய்விடும் என்று பயந்துபோய் ஊர் கூடிப் பேசியிருக்கிறார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, விடியும்வரை திரிப் புகையோடு பஸ்ஸைச் சுற்றி வந்திருக்கிறார்கள். உள்ளே தூங்குகிறவர்களுக்குத் தெரியக் கூடாதென்று பேச்சு கிடையாது, செருப்பு கிடையாது. எட்டிப் பார்த்தால் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அந்தப் பெண் வீட்டு முறை. வீட்டு ஆம்பளையால் எழுந்து நிற்க முடியாது, அதனால் அவள் வந்திருக்கிறாள்.

அவர்கள் பஸ்ஸைத் தக்கவைக்கக் காத்த காவல்தான் பஸ்ஸை விரட்டப் பார்த்திருக்கிறது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கண்டக்டர் கூரையில் இருந்த பழங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் தகரத்தில் விழுந்திருந்த நகக் கீறலைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதாய்யா?" என்றார்.

"சொன்னா நிப்பீங்களா?" என்றார் கவுண்டர். பிறகு என் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வண்டி வருங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

பஸ் இறங்கியது. அந்தப் பெண்ணும் புருஷனும் எனக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

முதலாளி முழுக்கக் கேட்டுவிட்டு, "பேய்னாகூடப் பூசை போட்டு வுட்டுடலாம். கரடின்னா இன்னும் மோசம். வண்டி கீழயே நிக்கட்டும்" என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"பேய்க்குத்தாங்க நம்மகிட்ட வழி இல்ல. கரடிக்கு இருக்கு. பழத்த காலைல ஏத்தச் சொல்லுங்க. காவல்காரங்க நல்லா வாய்விட்டுப் பேசிக்னு நடக்கட்டும். ஊரே முழிச்சிருக்குன்னு தெரிஞ்சா எவன் பயப்படுவான்?"

"நீ படுப்பியா?"

"பலா ஓயற வரைக்கும் படுக்கறேன்."

பின்னால் நின்றிருந்த டிரைவர், "நானும் படுக்கறேன் முதலாளி" என்றார். கண்டக்டர் மட்டும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லாமல் தலையாட்டினார். முதலாளி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சரி என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "போய்த் தொலைங்க" என்றார். அவர் சரி என்பதை அப்படித்தான் சொல்வார்.

சாயங்காலம் அந்தத் தம்பதி வழக்கமான சீட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அவளிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால் முதலாளி கடைசி நேரத்தில் மனசு மாறி ஆள் அனுப்புவாரோ என்று எனக்கே உள்ளூரப் பயம். அடிவாரம் வந்தது. அவள் எழுந்து புருஷனின் கையைப் பிடித்துத் தூக்கினாள், இறங்கி நடக்க வேண்டியதுதான் என்று தயாராக. டிரைவர் நிறுத்தவில்லை. கியரை மாற்றி முதல் வளைவில் பஸ்ஸை ஏற்றினார். அவள் நின்றபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் வேலையில் மேலே வந்து, பல ஊர்களின் ஹால்ட்டை மாற்ற வேண்டியிருந்தது. கூட்டம் இல்லை, ரோடு சரியில்லை, ஆள் தங்க மறுக்கிறான் என்று எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் வரும். ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை அந்த ஊருக்குப் போய், இந்த பஸ்ஸுக்காக இங்கே யாராவது தூக்கம் கெட்டு விழித்திருக்கிறார்களா என்று பார்க்காமல் நான் எந்த பஸ்ஸையும் நகர்த்தியதில்லை.