கயிறு ஏறாத கை

அரைத்த மஞ்சளில் நனைத்த நூல் மணிக்கட்டில் முதலில் குளிரும், பிறகு இறுக்கும், காய்ந்ததும் மெல்ல அரிக்கும்; எண்பதுகளில், என் ஒன்பது வயதில், இராயக்கோட்டையில் கட்டிய நூலின் அரிப்பு இன்னும் என் கையைவிட்டுப் போகவில்லை.

அப்பாவுக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை. அவருடைய தங்கை, என் அத்தை, வாழ்க்கைப்பட்ட ஊர் இராயக்கோட்டை. சனி ஞாயிறு தங்கி மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா, அம்மா, நான், நான்கு வயதுத் தம்பி எல்லாரும் பஸ் ஏறினோம். "சாணி வாசம் முன்னால வருது, அண்ணன் பின்னால வராரு!" என்று அத்தை வாசலிலேயே கேலி செய்தாள். ஓட்டு வீடுகளுக்கு மேலே எழுந்து நின்ற பாறையும், அதன் நெற்றியில் ஓடிய கோட்டைச் சுவரும் நாட்காட்டிப் படம்போல இருந்தன.

அன்று மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. போய் இறங்கியதும் "தூரமாகி"விட்ட அம்மா பின்னால் மாட்டுக் கொட்டகையில் ஒதுங்கிக்கொண்டாள். தம்பி அவளை விட்டு வராமல் மடியிலேயே தூங்கிப்போனான். பூசாரி வீடு வீடாகக் கயிறு கட்டி வந்தபோது, மறுத்தால் தங்கை வீட்டுக்கு மரியாதை இல்லை என்று அப்பா கையை நீட்டினார். நானும் நீட்டினேன். தம்பிக்கும் கட்டவேண்டும் என்று கொட்டகைக்கு ஓடினேன். "கிட்ட வராத, தீட்டு. தூங்கற புள்ளைய எழுப்பாத, போ," என்று அம்மா விரட்டினாள். எங்கள் பக்கத்தில் விரதக்காரர்களுக்கு மட்டுமே உள்ள கட்டுப்பாடு, அந்தத் தெருவில் கயிறு ஏறிய எல்லாருக்கும் உண்டு என்பதும், எட்டாம் நாள் அவிழ்க்கும்வரை யாரும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதும் கட்டி முடித்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை, வாயில் நுரை வழியச் சந்துக்குள் வந்த நாய் தம்பியின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடியது. பண்ணையில் வெறிநாய் கடித்த கன்று குரல் மாறிக் கத்திச் செத்ததைப் பார்த்தவர் அப்பா. சோப்புப் போட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போக அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாமா குறுக்கே நின்றார்.

"மச்சான், கைல கயிறு இருக்குது. நீ எல்லை தாண்டிட்டா, நாளைக்கு எவன் வூட்ல எது நடந்தாலும் எந் தலையிலதான் வுழும்."

அப்பா பல்லால் முடிச்சைக் கடித்தார். "அவுக்காதண்ணா, நான் இந்த ஊர்லதான் பொழைக்கணும்," என்று அத்தை அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதுதான் கொட்டகைப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எங் கைல ஒண்ணும் இல்லியே. எம் புள்ள கைலயும் இல்ல. நாங்க போறோம், வழிய வுடுங்க."

மாமா விலகி நின்றார். தனியாகப் பஸ் ஏறியே அறியாத அம்மா, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓசூர் பஸ்ஸில் ஏறினாள். பஸ்ஸின் பின்னாலேயே ஓடிய அப்பா, வேப்பிலை செருகிய எல்லைக் கல்லருகே நின்றுவிட்டார்.

மிச்ச நாளெல்லாம் மேளம், கூழ், மாவிளக்கு. மலையேறினால் ஓசூர் ரோடு வளைந்து மறையும் இடம்வரை தெரியும். அதற்கு மேல் தம்பி இருக்கிறானா இல்லையா என்பது தெரியாது. அப்பா சாயங்காலம்தோறும் எல்லைக் கல்லருகே நின்று, ஓசூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பார்த்துக் கை காட்டித் தகவல் கேட்பார். ஐந்தாம் நாள் கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஊசி போடறாங்களாம்! பையன் ஆஸ்பத்திரியே அதிர்ற மாதிரி கத்தறானாம்!" என்று கூவிவிட்டுப் போனார். கத்துகிறான் என்று கேட்டு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

போன மாதம் என் மகள் தோழிகளோடு அதே கோட்டையைப் பார்க்கப் போனாள். பஸ் வரத் தாமதமானதில் நான் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனேன். வந்தவளின் கையில் மஞ்சள் கயிறு. "கோயில்ல சும்மா கட்டினாங்கம்மா," என்று அவள் சிரிக்கச் சிரிக்க, கத்தரிக்கோலால் வெட்டினேன். எல்லைக் கல் அகலப்படுத்திய சாலைக்கு அடியில் போய்விட்டதாம். காப்புக் கட்டியவர்களே மறுநாள் ஷிப்டுக்கு பஸ் ஏறுகிறார்களாம்.

தம்பி இப்போது மூக்கண்டப்பள்ளியில் லேத் ஓட்டுகிறான். அன்று கயிறு கட்ட அவனை எழுப்பப் போனவள் நான்தான் என்பதை இதுவரை அவனிடம் சொன்னதில்லை.