தொண்ணூறு டிகிரியிலும் அவிழாதது

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'உப்பக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். உப்புக் கரைசல்களைக் கலக்கி, புட்டிகளில் ஊற்றி, தேதி எழுதி ஒட்டுவது பதினாறு வருடமாக அவள் வேலை. டிப்ளமோவோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் வேலையில் ஒரு துளி பிசகாது.

ஒருநாள் பேராசிரியர் ஒரு ஆர்.என்.ஏ. மாதிரியைக் கொடுத்து, அதன் மடிப்பு எந்தச் சூட்டில் அவிழ்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஆர்.என்.ஏ. ஒற்றை இழைதான், தன்மேலேயே மடிந்து இரட்டையாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அறுபது டிகிரிக்குள் அவிழ்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அவள் கருவியில் வைத்துச் சூடேற்றினாள். எழுபது, எண்பது, தொண்ணூறு. அவிழ்ந்தால் மேலே ஏற வேண்டிய கோடு திரையில் அசைந்து கொடுக்கவில்லை.

"ஏதோ அழுக்கு சேர்ந்திருக்கு. கொட்டிட்டு, 'மாதிரி கெட்டுப்போச்சு'ன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போடும்மா," என்றார், தலையைத் தூக்காமலே.

"போட மாட்டேன் சார்."

இப்போது தலை நிமிர்ந்தது.

"கெட்டுப்போகல. அவிழலேன்னா அதுக்கொரு காரணம் இருக்கணும். அது தெரியாம நான் பொய் எழுத மாட்டேன்."

"காரணம் தேடுறது என் வேலை. உன் வேலை சொன்னதைச் செய்யுறது."

"தேடுங்க சார். அதுவரைக்கும் கொட்ட மாட்டேன்."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வேலைக்கே உலை வச்சிட்டியா?"

"போனா போகட்டும். நான் செஞ்ச வேலையை நானே குப்பைன்னு சொல்லணுமா?"

மறுநாள் அந்த இழையின் எழுத்து வரிசையை வாங்கிப் பார்த்தாள். 'ஜி' என்ற எழுத்து மும்மூன்றாக, நான்கு இடங்களில் வந்தது. எப்போதோ ஒரு கருத்தரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டது பளிச்சென்றது. நான்கு ஜி-க்கள் சதுரமாகக் கைகோத்துக்கொள்ளும். சதுரத்தின்மேல் சதுரம் அடுக்கும். நடுவில் பொட்டாசியம் கச்சிதமாக உட்கார்ந்து இறுக்கிப் பிடிக்கும். இழை நான்காக மடிந்து நிற்கும். பொட்டாசியத்துக்குப் பதில் லித்தியம் இருந்தால் அந்தப் பிடி கிடையாது.

மாதிரியில் அவள் கலந்திருந்தது பொட்டாசியம் உப்பு! அதைச் சுத்தமாக நீக்கிவிட்டு லித்தியம் உப்பைச் சேர்த்தாள். நாற்பத்திரண்டு டிகிரியிலேயே பொலபொலவென்று அவிழ்ந்தது. மறுபடி பொட்டாசியம் சேர்த்தாள்; தொண்ணூறிலும் அசையவில்லை. மூன்று முறை செய்தாள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னாலும் கருவி வரைந்த கோட்டுப் படங்களை மேசைமேல் பரப்பினாள்.

"அழுக்கா இருந்தா, உப்பை மாத்தினதும் போயி, திருப்பிப் போட்டதும் வந்துடுமா சார்?"

பேராசிரியரின் முகம் சிவந்தது. மாதிரியை வேறொரு கூடத்துக்கு அனுப்பினார். அவர்களும் நான்கு மடிப்புதான் என்று எழுதினார்கள்.

ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் அவளுக்கு ஒரு வரி நன்றி போட்டிருந்தார்கள். அவள் அதன்மேல் கோடு போட்டு அடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "நன்றி வேணாம் சார். மேல, எழுதினவங்க வரிசையில என் பேரு போடுங்க." பெயர் ஏறும்வரை ஒற்றைக்காலில் நின்றாள், ஏறியது.

அதன்பின் மூன்று மாதம் பேராசிரியர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.